இரண்டாவது மணி

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். தமிழ்க் காலண்டரில் வைகாசி, மலையாளக் காலண்டரில் இடவம். நான் இரண்டையும் பார்த்துத்தான் எதையும் குறித்து வைப்பேன். ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறக்கும், மழையும் வரும். இதை மட்டும் இரண்டுமே ஒத்துக்கொள்ளும்.

அந்த ஆண்டு மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. அதுவரை அவள் எங்கள் வலியசாலைத் தெருவைவிட்டு எங்களில் ஒருவர் இல்லாமல் போனதில்லை. வகுப்பு வாசலில் கையை விடுவாளா என்பதே எங்கள் ஒரே கவலை. அதனால் கோடை விடுமுறை முழுவதும் கூடத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினோம். என் மனைவி டீச்சர். மகளும் அவளுடைய துணி யானையும் மாணவர்கள். மணிக்கு, பூஜை மணி. பள்ளியில் மலையாளம்தானே என்று, மணி அடித்ததும் மனைவி மலையாளத்துக்கு மாறிவிடுவாள். மறுபடி அடித்தால் வீட்டுத் தமிழ்.

வெயில் சாய்ந்து, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீளும் நேரம் அது. அந்த ஒளியில் மனைவியின் குரலே வேறு யாருடையதோ போலிருக்கும். யானைகூடக் கவனமாகக் கேட்பதாக எனக்குத் தோன்றும்.

எதிர்வீட்டு மாமிக்கு மட்டும் சந்தேகம். "ஏண்டி, சாயங்காலம் ஆகறதுக்கு முன்னாடியே தினம் தீபாராதனையா உங்காத்துல?"

"ஸ்கூல் மாமி. நீங்களும் வந்து சேருங்கோ."

"நன்னாருக்கு! எனக்கு எந்த டீச்சர் ஹோம்வொர்க் குடுப்பா?"

பள்ளி திறந்த அன்று தூறல். வாசலில் குருத்தோலைத் தோரணம், பலூன், ஒலிபெருக்கியில் பாட்டு. குழந்தைகளின் தலையில் காகிதக் கிரீடம் வைத்தார்கள். நனைந்த குடைகளுக்கு நடுவே எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் மெதுவாக நகர்ந்தது. மகள் சிரித்துக்கொண்டே வகுப்பு வாசல்வரை வந்தாள்.

உள்ளேயிருந்து டீச்சர், "மோளே, வா, இவிடெ இரிக்காம்" என்று பக்கத்தில் உட்காரக் கூப்பிட்டார்.

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் புடவைத் தலைப்பை இழுத்தாள். "அம்மா, நீ ஏன் இன்னும் டீச்சர் பேச்சு பேசல்லே?"

"நான் டீச்சர் இல்லேடி கண்ணா. இவாதான் டீச்சர்."

"நீதான். போய் நாற்காலில உக்காரு."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பையைத் திறக்க, டப்பாவை மூட, வரிசையில் நிற்க என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தோம். அம்மா கிளம்பிப் போவதை மட்டும் ஒருநாளும் விளையாடவில்லை. எப்படி விளையாட முடியும்? எங்கள் பள்ளியில் டீச்சரே அம்மா. அவளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அம்மா மலையாளம் பேசுகிற இடம்.

தலைப்பைப் பிடித்த விரல்கள் இறுகின. கிரீடம் சரிந்து கண்ணை மறைத்தது. மனைவி எங்கள் கூடத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னாள். டீச்சர் சிரிக்கவில்லை. மகளிடம் குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "அந்த ஸ்கூள்ல பெல் யாரு அடிக்கும்?"

"அம்மா."

"இவிடெ மோள் அடிக்கும். வா."

வராந்தாவில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. டீச்சர் மகளைத் தூக்கி, இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்தார். "ஒண்ணு அடிச்சா அம்ம போகும். உச்சைக்கு இன்னொண்ணு அடிச்சா அம்ம வரும். கேட்டோ?"

உச்சை என்றால் மத்தியானம் என்று அவளுக்குத் தெரியும். கம்பியைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்தாள். மழை ஓட்டிலிருந்து வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அடிக்காமல் நாங்கள் போக முடியாது. அதை அவளும் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"நெஜமா ரெண்டாவது மணிக்கு வருவியா?"

"வாசல்லயே நிப்பேன்."

அடித்தாள். அந்தச் சின்னக் கைக்கு அது பெரிய ஓசை. டீச்சரின் தோளில் சாய்ந்தபடியே உள்ளே போனாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. மத்தியானம் மணி அடித்தபோது மனைவி சொன்ன இடத்திலேயே நின்றாள். மகள் ஓடிவந்து, மழைக்குக் குடைக்குள் ஒதுங்குகிறவள்போல் அவளிடம் ஒதுங்கினாள்.

அன்று சாயங்காலம் கூடத்துப் பள்ளிக்கூடம் மறுபடி திறந்தது. நாற்காலியில் மகள். கீழே யானை. "அம்மா, நீ வெளில போ. நீ ஆனையோட அம்மா" என்று சொல்லிப் பூஜை மணியை அடித்தாள். மனைவி படியிறங்கித் தெருவில் நின்றாள்.

உள்ளே மகள் யானையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சுத்தமான டீச்சர் பேச்சில் அழாதே என்று தேற்றுவது கேட்டது: "கரயண்டா. பெல்லடிச்சா அம்ம வரும்."

எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். "ஏண்டி தூறல்ல நிக்கறே? உள்ள போயேன்."

"இன்னும் மணி அடிக்கல்லே மாமி" என்றாள் மனைவி.