நடுவில் வைத்த கணக்குத் தாள்

என் பெரிய மகள் ஸ்கூல் பைனல் முடித்த வருஷம், அவள் டாக்டர் ஆவாளா மாட்டாளா என்று ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. ஆவாள் என்றாள் பால்காரி. எதிர்வீட்டுத் தையல்காரர் ஆகமாட்டாள் என்றார். காரணம் கேட்டதற்கு, நம்ம பக்கத்துப் பெண் ஒருத்தியும் இதுவரை ஆனதில்லையே என்றார். அது ஒரு காரணமா? கொஞ்ச நாள் அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பதை நிறுத்திவைத்தேன்.

எனக்கு எழுத்து அரைகுறை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் என் பெண் கெட்டிக்காரி என்று தெரிந்துகொள்ள எனக்கு எழுத்து தேவைப்படவில்லை.

அவள் கேட்டது வேலூரில் பெண்களுக்கு வைத்தியம் சொல்லித்தரும் படிப்பு. இடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் ஊர்ப்பட்ட பேர். தெலுங்கு தேசத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பெண்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். அவள் பள்ளியின் பெரிய டீச்சரம்மாவிடம் போய்க் கேட்டேன். "இங்கிலீஷ், சயின்ஸ் எல்லாம் நல்லா இருக்கும்மா. கணக்குதான் கம்மி. கெடைக்கும்னும் சொல்ல மாட்டேன், கெடைக்காதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். இதைக் கேட்கவா வெயிலில் நடந்து வந்தேன் என்று இருந்தது.

என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். பதனிட்டு வந்த ஆட்டுத்தோலை மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, முதல் நம்பர், ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர் என்று தள்ளுவார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் அனுப்பிய சரக்கு வந்தால் அவர் தொடமாட்டார், பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவார். பாசம் கண்ணை மறைக்கும் என்பது அவர் கணக்கு. மகள் விஷயத்திலும் அதையே செய்தார். பக்கத்து மேஜை பாயை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

மண்டிக்கு வெள்ளிக்கிழமை லீவு. தொழுகை முடிந்து பாய் வந்தார். ஒவ்வொரு பாடத்து டீச்சரும் ஒரு தாளில் மார்க்கும் நாலு வரி நற்சாட்சியும் எழுதித் தந்திருந்தார்கள். பாய் ஒவ்வொரு தாளையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கணக்குத் தாளை மட்டும் இரண்டு தரம் பார்த்தார். நூற்றுக்கு முப்பத்தெட்டு.

"ரெண்டாம் நம்பர்" என்றார்.

"இன்னா பாய், என் பொண்ணைத் தோலுன்னு நெனச்சிட்டீங்களா?"

"தோலா இருந்தா சட்டுனு சொல்லிட்டிருப்பேன் தங்கச்சி. கோச்சுக்காதே. சீமைக்குக் கப்பல்ல போறது ஜாஸ்தி ரெண்டாம் நம்பர்தான். முதல் நம்பருங்க எடம் புடிச்சது போக மிச்சம் இருந்தா இவளுக்குக் கெடைக்கும். பாதிக்குப் பாதி."

"டீ ஆறுது, குடிங்க" என்றேன். அவருக்கு எப்போதும் போடும் இரண்டாவது கரண்டி சர்க்கரையை அன்று போடவில்லை.

நேரில் வரச்சொல்லி வேலூரிலிருந்து கடிதம் வந்தது. தாள்களை எல்லாம் கொண்டுவர வேண்டும். அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மண்டிக்கு வரும் கட்டுகளில் சில வியாபாரிகள் நல்ல தோலை மேலும் கீழும் வைத்து மட்டமானதை நடுவில் செருகி அனுப்புவார்கள். அதுபோல இங்கிலீஷ் தாளை மேலே வைத்தேன், சயின்ஸை அடியில் வைத்தேன், கணக்கை நட்டநடுவில் செருகினேன்.

"நான் மண்டியில இப்படிக் கட்டினா அன்னிக்கே என் சீட்டு கிழிஞ்சிடும்" என்றார் வீட்டுக்காரர்.

"இது மண்டி இல்லை. கட்டுங்க."

மகள் சிரித்தாள். "அம்மா, அவங்க எல்லாத்தையும் படிப்பாங்க."

"காலையிலேர்ந்து பாத்துக் களைச்சிருப்பாங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு பாத்துட்டு விட்டுடுவாங்க."

அவர் முனகிக்கொண்டே சணல் கயிற்றால் மண்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். மூன்று பேரும் ரயில் ஏறினோம். குடியாத்தம் தாண்டியதும் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"பாய்கிட்ட சொன்னேன். சிரிச்சிட்டாரு. நீயும் நானும் சரக்கைப் பாக்கும்போது கட்டுல எங்கேருந்து தோலை உருவுறோம் தோஸ்த்னு கேட்டாரு."

"எங்கேருந்து?"

"நடுவுலேர்ந்துதான்."

உடனே கட்டைக் கையில் எடுத்தேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். மண்டி முடிச்சைக் கத்தி இல்லாமல் அவிழ்க்க முடியாது. காட்பாடி வரைக்கும் பல்லால் கடித்துப் பார்த்தேன். "விடும்மா, இருக்கட்டும்" என்று மகள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வேலூரில் எங்களை வெளி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கதவு திறந்திருந்ததால் பாதி கண்ணில் பட்டது, எல்லாம் காதில் விழுந்தது. உள்ளே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவும் இன்னும் இரண்டு பேரும். டாக்டரம்மா நல்ல தமிழ் பேசினார். கத்தரிக்கோல் எடுத்துக் கயிற்றை வெட்டினார். மேல் தாளைத் தொடக்கூட இல்லை, நேராக நடுவிலிருந்து உருவினார்.

"கணக்கு ரொம்பக் குறைச்சல். இதை ஏன் நடுவில் வைத்தாய்?"

"எங்க அம்மா வெச்சாங்க. மட்டமான தோலைக் கட்டு நடுவுலதான் வெப்பாங்க."

பெஞ்சிலேயே எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே யாரோ சிரித்தார்கள்.

"மட்டமான தோல் என்று எப்படித் தெரியும்?"

"உயிரோட இருக்கும்போது காயம் பட்டு ஆறியிருந்தா வடு வழவழன்னு மூடியிருக்கும். உரிக்கும்போது கத்தி பட்டதுன்னா ஓரம் கூரா நிக்கும். அம்மை போட்ட ஆடுன்னா குழி குழியா, கிட்டக் கிட்ட இருக்கும். மூணும் வேற வேற."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லீங்க. அப்பாவுக்குச் சோறு எடுத்துட்டுப் போவேன். அவர் கை காலியாகற வரைக்கும் பாத்துட்டு நிப்பேன்."

அதன்பின் வெகுநேரம் கேட்டார்கள். கடைசியில் மருந்து அளவு பற்றி மூன்று கணக்கு கொடுத்தார்கள். அதில் ஒன்று தப்பு.

திரும்பி வந்து மூன்று வாரம் நான் தபால்காரரைக் கண்டால் எழுந்து நிற்பேன். கடிதம் வந்தபோது மகள் வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டு, இடம் கிடைத்தது என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. ஆறு மாதத்துக்குள் அவர்களே வைக்கும் கணக்குப் பரீட்சை எழுதித் தேறவேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பாய் அன்று சாயந்திரமே வந்தார். "அப்ப நான் ரெண்டாம் நம்பர்னு சொன்னது சரிதானே தங்கச்சி?"

"எடம் கெடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"கெடைச்சுது, கெடைச்சுது. அதுக்கு ஏன் மொறைக்கறே?"

மகள் வேலூருக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆறு மாதமும் கடிதம் கடிதமாகத் தேடினேன். அவள் எழுதும் கடிதத்தில் எல்லாம் இருக்கும், கணக்கு மட்டும் இருக்காது. பிறகு ஒரு நாள், தேறிவிட்டேன் என்று ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். எத்தனை மார்க் என்று அவள் எழுதவில்லை. இன்றுவரை நானும் கேட்கவில்லை.