துரையின் பிளசருக்குக் கூரை வேய்ந்தவன்

என் அக்காள் பெருமாயியைக் கட்டியவன் பெயர் அர்த்தனாரி. எங்கள் மலையில் சில ஊர் சேர்ந்தது ஒரு நாடு; அவனுடைய வாழவந்தி நாட்டில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் நாலு பேர் யோசிப்பார்கள். 'டிரைவர் ஊடு எது?' என்று கேட்டால் நண்டு சிண்டுகூடக் கையைக் காட்டும். அவன் ஓட்டிய வண்டி என்று ஒன்று கிடையாது. எங்கள் மலைக்கு அப்போது ரோடே கிடையாது. ரோடு இல்லாத மலையில், ஓடாத காருக்கு, ஓட்டத் தெரியாத டிரைவர். அப்பேர்ப்பட்ட ஆளுக்குப் பெண் கொடுத்த குடும்பம் எங்களுடையது.

அந்தக் கார் வந்த கதையே ஒரு கூத்து. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், காபித் தோட்டம் போடுகிறேன் என்று ஒரு துரை மேலே வந்தார். அடுத்த வருஷமே அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து ரோடு ஏறிவிடும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். அதுவரை பொறுக்க மனுஷனுக்கு முடியவில்லை. பிளசர் காரை அடிவாரத்தில் அக்கக்காகக் கழற்றி, மூங்கிலில் கட்டி, எங்கள் ஆட்களின் தோளில் ஏற்றி மேலே கொண்டுவந்து, அர்த்தனாரியின் சாமைக் காட்டோரத்தில் மறுபடி பூட்டினார்கள். ஒரு காலைப்பொழுது முழுக்க அந்தக் காட்டையே சுற்றிச் சுற்றி ஓட்டினார் துரை. பக்கத்து சீட்டில் அர்த்தனாரி. அவ்வளவுதான், மலைக்காய்ச்சல் அவரைப் பிடித்துக்கொண்டது. டோலியில் படுத்தபடி இறங்கும்போது, "மழையில் நனையாமல் பார்த்துக்கொள். ரோடு வந்ததும் நீதான் டிரைவர்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

புத்தியுள்ளவன் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு அந்தக் காருக்குள் கோழி அடைத்திருப்பான். அர்த்தனாரிக்கோ அந்த வார்த்தை மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

காரின் மேலே இருந்தது மடிக்கிற துணிக்கூரை. மடிப்பு மடிப்பாக அது வெடித்திருந்தது. முதல் மழைக்கு அதன் மேல் விளக்கெண்ணெய் பூசினான். அக்காள் தலைக்கு வைத்திருந்த எண்ணெய். எண்ணெய் வாசத்துக்கு எலி வந்து துணியைக் கடித்தது. பிறகு தேன்மெழுகை உருக்கி ஓட்டைகளை அடைத்தான். வெயிலில் மெழுகு இளகி தோல் சீட்டில் சொட்டியது. அதைச் சுரண்ட ஒரு வாரம் ஊரில் ஒரு வேலைக்கும் போகவில்லை. சக்கரம் சேற்றில் இறங்காமல் இருக்கக் கல்லை முட்டுக் கொடுத்தான். கடைசியில் காருக்கென்று மூங்கில் நட்டுக் கொட்டகை போட்டு, நல்ல புல்லாகப் பார்த்து அறுத்து வேய்ந்தான். தன் வீட்டுக் கூரைக்குப் பழைய புல்லைத் திருப்பிப் போட்டான்.

அதோடு விட்டிருந்தாலும் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒரு வருஷத்தில் அந்தப் புதுக்கூரை மக்கி, புழு உதிர்ந்தது. எங்கள் மலையில் கூரை நிற்பதே அடுப்புப் புகையால்தான். தினம் புகை ஏறுகிற புல்லில் பூச்சி அண்டாது, ஈரம் தங்காது. புகை படாத கூரை சீக்கிரம் போய்விடும். இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அர்த்தனாரிக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தான்.

புரட்டாசியில் அக்காளைப் பார்க்கப் போனேன். அவளுக்கு இரண்டாவது பிள்ளை, எட்டாம் மாதம். வீட்டுக்குள் அவளைக் காணவில்லை. கார்க் கொட்டகைக்குள் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு அங்கே இருந்தது. பெரியவள் கண்ணாயி புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க மச்சான், அடுப்ப எதுக்குங்க இங்க கொண்டாந்தீங்க?" என்று கேட்டேன்.

"பொகை இல்லாம புல்லு மக்குது மாப்ள. ஒரு மழை உள்ள எறங்குனா சீட்டு போச்சு. தொரை வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"அப்ப ஊட்டுக் கூரைக்குப் பொகை?"

"அது பொகை குடிச்சுப் பழகுன கூரை. தாங்கும்."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெரிய கணக்கைப் போட்டு முடித்த களை. எனக்குக் கை அரித்தது. அக்காள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வெதச் சாமை பரண்ல கெடக்குது தம்பி. அதுவும் பொகையிலதான் நிக்கோணும். கூரை ஒழுகுனா வெதையும் போச்சு, பெத்துப் போடறதுக்கு எடமும் போச்சு. நீ சொன்னாக் கேப்பாரு."

சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே கார் விளக்கைத் துடைத்தான். அந்த விளக்கு எரிந்து எத்தனையோ காலமாயிற்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. புகை காணாத வீட்டுக்கூரை முதலில் மூலையில் ஒழுகியது, பிறகு நடுவில். விதைச் சாமை கூடையிலேயே முளைவிட்டது. வருகிற வருஷம் என்ன விதைப்பது என்று அக்காள் அழுதாளாம். கார் நனையவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒரு சொட்டுக்கூட அதன் மேல் விழவில்லை.

ஒரு சாயங்காலம் ஊறிப்போன கூரையின் பாரம் தாங்காமல் மோட்டு வளை முறிந்து, பாதி வீடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. உள்ளே அக்காளும் கண்ணாயியும். அர்த்தனாரி மேட்டுக் காட்டில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் சத்தம் கேட்டு ஓடிவந்தான். நன்றாகத்தான் ஓடிவந்தான், குறை சொல்லக் கூடாது. அக்காள் ஈரப்புல்லுக்கு அடியிலிருந்து பிள்ளையை இழுத்து வெளியே போட்டு நிமிர்ந்து பார்த்தால், அவன் கொட்டகைக்குள் நின்று காரின் துணியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நல்லவேள, ஒண்ணும் ஆவுல" என்றானாம்.

வயிற்றுப்பிள்ளையோடு, கண்ணாயியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த மழையில் எடப்புளி நாட்டுக்கு, என் வீட்டுக்கு, நடந்தே வந்தாள். பையன் எங்கள் வீட்டில்தான் பிறந்தான். நான் அந்த மனுஷனை வெட்டிப் போடுகிறேன் என்று குதித்தேன். அக்காளோ அவன் வந்து கூப்பிடுவான் என்று இருந்தாள். வாசலில் யார் செருமினாலும் எட்டிப் பார்த்தாள். அவளுடைய துணிமணி மூட்டையாகவே இருந்தது, அவிழ்க்கவே இல்லை.

மழை விட்ட பிறகு வந்தான். மெலிந்துபோயிருந்தான். கண்ணாயிக்கு ஒரு சுரைக்குடுவையில் தேன் கொண்டுவந்திருந்தான். பையனை வாங்கி மடியில் வைத்துக் கொஞ்சினான். அக்காள் உள்ளே போய் மூட்டையை எடுத்துக் கதவோரம் வைத்தாள். அப்போதுதான் அவன் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"கொஞ்சம் கூரைப்புல்லு வேணும் மாப்ள. அங்க நல்ல புல்லு கெடைக்கல."

அக்காள் கேட்டாள். "எதை வேயறதுக்குங்க?"

"ரெண்டையுந்தான்."

"மொதல்ல எதை?"

'ஊட்டை' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அந்த நிமிஷமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்திருப்பாள். அதற்காகத்தான் நின்றாள், எனக்குத் தெரியும். அர்த்தனாரி வாயைத் திறந்தான். மூடினான். பையனைப் பார்த்தான், மறுபடி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

அக்காள் பிள்ளையை அவன் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சென்றாயா, அவருக்கு வேணுங்கற புல்லக் குடுத்தனுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கதவோரத்து மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.