எலி முதுகில் முளைத்த முடி

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளை எலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூண்டு கழுவுவதும், தீனி வைப்பதும், எலிகளின் முதுகைச் சிரைத்துவிடுவதும் அவள் வேலை. சேர்ந்தபோது இடுப்புவரை பின்னல் இருந்தது. இப்போது அதுவே எலிவால்.

சிரைத்த முதுகில் ஆராய்ச்சிக்காரி ஒரு மருந்தைத் தடவுவாள். சர்க்கரை வியாதிக்கு எலியக்கா தினமும் விழுங்குகிற அதே மருந்துதான். கரைத்துத் தடவினால் முடி முளைக்குமா என்று பார்க்கிறார்கள். பக்கத்துக் கூண்டுக்கு மருந்தில்லாத வெறும் கரைசல்.

“வருஷக்கணக்கா நானும் இதைத்தானேம்மா முழுங்குறேன், எனக்கு இருக்கறதும் கொட்டுதே!”

“முழுங்கறது வேற, தோல்ல தடவறது வேறக்கா. எலிங்ககிட்ட முதல்ல பலிக்கட்டும். அப்புறம் ஆளுங்களுக்குப் பார்ப்பாங்க. அப்ப உங்களையும் சேத்துக்கச் சொல்றேன்.”

அந்தச் சொல்லை எலியக்கா முந்தானையில் முடிந்துகொண்டாள். “அண்ணி, இது வகிடா, வண்டிப்பாதையா?” என்று நாத்தனார் சிரித்தபோது, இருடி, இரு என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

மருந்துக் கூண்டில் முதுகுகள் கறுத்து வந்தன. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு காலையில் பார்த்தால் அங்கங்கே சொட்டை. கொழுத்த எலி ஒன்று மற்றவற்றின் முடியைக் கடித்துப் பிடுங்கிக்கொண்டிருந்தது. சில எலிகளுக்கு அந்தக் குணம் உண்டு.

“அடி நாத்தனாரே, உனக்கென்னடி கேடு!” என்று அதைத் தூக்கிப் பக்கத்துக் கூண்டில் போட்டாள். எண்ணிக்கை குறையக் கூடாதே என்று அங்கிருந்து ஒன்றை இங்கே விட்டாள்.

மறுநாள் ஆராய்ச்சிக்காரியிடம் பெருமையாகச் சொன்னாள். அவள் முகம் வெளுத்தது.

“எதை இங்க விட்டீங்க?”

எலியக்கா கூண்டைப் பார்த்தாள். அடையாளச் சீட்டு கூண்டுக்குத்தான், எலிக்கு இல்லை. சொட்டையும் சொட்டையும் ஒன்றுபோல இருந்தன.

“பிடுங்கப்பட்டது எது, முளைக்காதது எதுன்னு இனி யார் சொல்றது, அக்கா? எனக்கு ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?”

“பாவமா இருந்துச்சும்மா...”

“என் பாவத்தை யார் பார்க்கறது? முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

“அப்ப, ஆளுங்களுக்கு?”

அவள் இரண்டு கூண்டின் சீட்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டாள்.

புது எலிகள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் மை போல் அடர்ந்த முடி. எலியக்கா மெஷினை எடுத்து வழித்துத் தள்ளினாள். கையுறையெல்லாம் முடி.

“இருக்கறதை எடுக்கத்தான் எனக்குச் சம்பளம்,” என்று பல்லைக் கடித்தாள். கையில் ஒன்று துள்ளியது.

“ஆடாம இருடி. உனக்காவது நாளைக்கே மருந்து.”