முழங்கையை எப்படி நிறுத்துவது

அறுவை சிகிச்சைப் பிரிவின் நடைபாதை பெஞ்சில் நானும் என் மனைவி செல்வியும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது மூன்றாவது ஆபரேஷனாக இருக்கும். பெரம்பலூர் பக்கம் கல் கிரஷரில் வலது முழங்கை பெல்ட்டில் மாட்டி எட்டு மாதமாகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் எப்படி அடிபட்டது என்றே கேட்டார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

புதிதாக வந்த மருத்துவர் வேறு மாதிரி கேட்டார். “இந்தக் கையால என்னென்ன செய்வீங்க?”

“ஜல்லி அள்ளுவேங்க.” வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

மூட்டு நொறுங்கிவிட்டதால் மூட்டு இணைப்பு (எலும்புகளை ஒட்டவைப்பது, வலி குறையும், கை மடங்காது) செய்ய வேண்டும் என்றார். எந்த அளவு மடக்கி நிறுத்துவது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். ஆயுசுக்கும் அப்படியேதான். அதனால் ஸ்லாப் (பாதி மாவுக்கட்டு) போட்டு, மடக்கி ஒரு வாரம், நீட்டி ஒரு வாரம் வீட்டில் இருந்து பார்க்கச் சொன்னார்.

முதல் வாரம் மடக்கிய கட்டு. சாப்பிட்டேன், முகம் கழுவினேன், சட்டைப் பட்டன்கூடப் போட்டேன். மண்வெட்டி பிடிபடவில்லை.

இரண்டாம் வாரம் நீட்டிய கட்டு. மண்வெட்டி வாகாக நின்றது. சோறு வாய்க்கு எட்டவில்லை. இடக்கையால் சாப்பிட மனசு ஒப்பவில்லை. செல்வி ஊட்டினாள்.

“நீட்டியே வெச்சிடச் சொல்லிடுறேன். வேலைக்குப் போவணும்ல.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். “வேலைக்கு நான் போறேங்க. செட்டிகுளத்துல வெங்காயத் தாள் அரிய ஆள் கூப்புடுறாங்க. ஆயுசுக்கும் ஊட்டிவுட என்னால ஆவாது.”

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது நிஜம் என்பதால்தான் அவ்வளவு கோபம்.

மடக்கியே வைக்கச் சொல்லிவிட்டேன். இனி கிரஷருக்குப் போக மாட்டேன் என்பதும் அதில் சேர்த்திதான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் அந்தக் கையால் என்னவெல்லாம் செய்வீர்கள் என்று சொல்லுங்கள். என்னைப் போல வேலையை மட்டும் சொல்லாதீர்கள்.

எலும்பு ஒட்டிவிட்டது. செல்வி விடிந்ததும் வெங்காயத்துக்குப் போய்விடுகிறாள். எனக்குப் பகல் நீண்டுவிட்டது. உலை வைக்கிறேன், துணி காயப்போடுகிறேன். கொஞ்ச நேரத்தில் முடிகிற வேலைக்கெல்லாம் பாதி நாள் ஆகிறது.

திரும்பி வரும்போது அவள் விரலெல்லாம் அரிவாள் கீறல். குழம்பு பட்டால் எரிகிறது என்று தட்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். என் கை அவ்வளவு தூரம் நீளாது. அவள்தான் நெருங்கி உட்கார வேண்டும்.