சிராங்கூன் சாலையில் ஒரு காட்டுச் சிட்டு

நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் எட்டாம் நாள் காலை சிங்கப்பூரை அடைந்தது. 1959 மே மாதம். பள்ளித் தோழன் சவரிமுத்துவுக்குத் துறைமுகத்தில்தான் வேலை. தஞ்சோங் பகாரில் என்னைப் பஸ் ஏற்றினான். டிக்கெட் ஆளுக்குப் பதினைந்து காசு. சிராங்கூன் சாலையில் மளிகைக் கடைக்கு மேலே ஒரே அறைதான் அவன் வீடு.

சன்னலோரம் ஒரு கூண்டு. உள்ளே, தொண்டையில் மஞ்சள் தீற்றிய சிட்டு. வீட்டுக் குருவி அல்ல. எங்கள் மணப்பாறைப் பக்கத்து வேலங்காட்டில், மரப்பொந்தில் குடியிருக்கும் காட்டுச் சிட்டு. கடல் கடந்து வந்து அதைப் பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பொந்திலிருந்து விழுந்த குஞ்சைச் சவரிமுத்துவின் மனைவி மேரி எடுத்து வளர்த்து, கப்பலில் மடியில் வைத்தே கொண்டுவந்தாளாம். பிள்ளை இல்லாத வீடு. கணவன் வேலைக்குப் போனால் பகலெல்லாம் அவளுக்கு அதனோடுதான் பேச்சு.

மூன்றாம் நாள் விசாக தினம், ஊருக்கே விடுமுறை. இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட, நான் தனியே சுற்றினேன். பக்கத்துப் புத்தர் கோயில் வாசலில் சீனர்கள் கூண்டுக் குருவிகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். புண்ணியமாம். எனக்கு மனம் உருகிவிட்டது. நானும் ஒன்று வாங்கி விட்டிருக்கலாம். காசு எடுக்கக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்து மேரியின் கூண்டைத் திறந்தேன். சிட்டு தயங்கியது. விரலால் தள்ளிவிட்டேன். எதிர்க்கூரைக்குப் பறந்தது. சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் ஒரு வருஷத்தில் பெய்வதை இங்கே ஒரே மூச்சில் கொட்டிவிடும்.

மேரி திரும்பியதும் என் புண்ணியத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவள் காலிக் கூண்டையே பார்த்தாள்.

“அது ஒரு நாளும் எரை தேடினதில்லண்ணே. இங்க அதுக்கு இனமும் கெடையாது,” என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. சோறு போட்டாள். சவரிமுத்து குடையோடு சந்து சந்தாகத் தேடினான். நானும் பின்னாலேயே நனைந்துகொண்டு போனேன். கிடைக்கவில்லை. வறண்ட காட்டுப் பறவை என்று தெரிந்தும் மழைக்குள் தள்ளிய என்னை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

புறப்படும் நாள் இருவரும் துறைமுகத்துக்கு வந்தார்கள். மேரி புளிச்சோறு கட்டித் தந்தாள்.

“ஊருக்குப் போயி வேற ஒண்ணு புடிச்சு அனுப்பிடாதீங்கண்ணே.”

சரியாக அதைச் சொல்லித்தான் அவளைத் தேற்ற வாயெடுத்திருந்தேன். கப்பல் நகரும்வரை மேல்தளத்துக்கு வந்து கையசைக்க எனக்கு முகமில்லை.