தவிடு கொடுத்து வாங்கிய பெயர்

எட்டாவது மட்டுமே படித்தவள் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று தீவனக் கடையில் தவிட்டு வாசம் அடித்ததும், இடித்துவிட்ட எங்கள் மோகனூர் ஓட்டுப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்காததால், யார் பிள்ளையோ என்று சாவு ஏமாறட்டுமென்று, பிறந்த அன்றே என்னைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கித் தவிட்டாயி என்று பெயர் வைத்தார்கள். பள்ளியில் வேறு எவளுக்கும் அந்தப் பெயர் இல்லை.

ஐந்தாம் வகுப்புக்கு வந்த புது டீச்சர், “சரோஜான்னு மாத்தி எழுதிக்கறேன் சாமி, அழகா இருக்கும்” என்றார்.

“எருமைக்குப் போடற தவுடுங்க டீச்சர்!” என்று பின்னாலிருந்து சிரித்தார்கள்.

வாயே திறக்காத நான் எழுந்தேன். “வேண்டாமுங்க. அந்தப் பேராலதான் நான் பொழச்சேனுங்க.”

மறுநாள் டீச்சர் இரண்டு முறை சரோஜா என்று கூப்பிட்டார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆப்சென்ட் போட்டார்.