மாப்பிள்ளைப் பகுதி வென்ற ஆட்டம்

கனடாவில் கலியாணம் என்றால், தாலி கட்டுகிற நேரத்தில் இரண்டு பகுதியாரும் பனிக்கட்டியில் வழுக்கிக்கொண்டு தடியால் அடிபடுவார்கள் என்று ஏழு வயதில் நான் உறுதியாக நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? கண்ணால் பார்த்தவள் நான்.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவரைப் பிள்ளை போல வளர்த்தவர் அம்மாதான். அந்த மாமாவுக்கு 1987 செப்ரெம்பரில் ரொறன்ரோவில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குத் தோழியாக நிற்க வேண்டிய அக்கா, அதாவது என் அம்மா, லண்டனில் பிளேஸ்டோவில் இருந்தார். எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. வெளியே போனால் திரும்பி வர ஏலாது. எனக்கோ, அம்மாவுக்குத் தடிமன், அதனால்தான் போகவில்லை என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதமாக ஒருதரம்கூடத் தும்மாத தடிமனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

கலியாண வீடியோ தபாலில் வந்தது. அந்த நாட்டுக் கசெட் எங்கள் டெக்கில் கோடு கோடாகத்தான் ஓடியது. வெம்பிளியில் இருந்த பெரியப்பாவிடம் எந்த நாட்டுக் கசெட்டும் ஓடும் டெக் ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பேசாமல் அவர் ஒருநாளும் சோறு தின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா பட்டுச்சேலை உடுத்து, இருந்த நகையெல்லாம் போட்டு, பொட்டு வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். அப்பா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கசெட் பார்க்கப் போகிறோமா, கலியாணத்துக்கே போகிறோமா என்று எனக்கு விளங்கவில்லை.

பெரியப்பா வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். மாமா வெள்ளை வேட்டியில் வந்தார். பொம்பிளை சிவப்புக் கூறையில் வந்தார். ஐயர் மந்திரம் சொன்னார். மாமா தாலிக்கொடியைக் கையில் எடுத்தார், மேளம் கெட்டியாக எழும்பியது, அம்மா சோபா நுனிக்கு வந்துவிட்டார். அப்போது திரை ஒரு துள்ளுத் துள்ளியது. வெள்ளைச் சட்டைக்காரரும் சிவப்புச் சட்டைக்காரரும் பனியில் பாய்ந்து வந்தார்கள்.

“இதென்னடாப்பா?” என்றார் பெரியப்பா.

அதுதான் கனடா கப், கனடாவும் சோவியத்தும் மோதிய ஐஸ் ஹொக்கி இறுதி ஆட்டம். மாமாவோடு ஒரே வீட்டில் இருந்த யாரோ, பாதியில் நிறுத்தி டெக்குக்குள் கிடந்த கசெட்டை வெறும் கசெட் என்று நினைத்து, ஆட்டத்தைப் பதியச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார்கள். பெரியப்பா விரைவாக ஓட்டப் பார்த்தார். அம்மா விடவில்லை.

“ஓட்டாதேங்கோ. இடையிலை வந்தாலும் வரும்.”

ஆகவே தாலிக்காகக் காத்துக்கொண்டு ஐஸ் ஹொக்கி பார்த்தோம். பந்து எங்கே என்று முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை. “பந்தில்லை, கறுப்பாத் தட்டையா ஒண்டு. ஓட்டையில்லாத வடை மாதிரி” என்று பெரியப்பா கண்டுபிடித்தார். எனக்கு அதற்கு முன்பே எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளை மாப்பிள்ளைப் பகுதி, சிவப்புப் பொம்பிளைப் பகுதி. சிவப்பு முதலில் வரிசையாக மூன்று கோல் அடித்தபோது, மாமாவுக்குப் பொம்பிளை கிடைக்காது என்று அழத் தொடங்கினேன். ஏன் அழுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

பிற்காலத்தில் இந்தப் போட்டியைப் பற்றி நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் கலியாணத்தைப் பற்றி வேறெங்கே போய்த் தேடுவது? காசுக்கு விளையாடும் கெட்டிக்காரர் ஒலிம்பிக்கில் ஆட முடியாத காலத்தில், அவர்கள் தங்கள் தங்கள் நாட்டுக்காக ஆடவென்று 1976இல் தொடங்கிய போட்டி அது. 1981இல் சோவியத் அணி வென்றும், கிண்ணத்தைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோக விடவில்லையாம். 1996இல் பெயரையே உலகக் கிண்ணம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு மட்டும் அது இன்னமும் மாமாவின் கலியாணம்தான்.

ஐந்துக்கு ஐந்து என்று வந்து, முடிய ஒன்றரை நிமிடம் இருக்கையில் வெள்ளை ஆறாவதை அடித்தது. பெரியப்பா எழும்பிக் குதித்தார். அப்பாவும் கத்தினார். ஆட்டம் முடியத் திரை மறுபடி துள்ளியது; மண்டபத்தில் எல்லாரும் வாழையிலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொம்பிளையின் கழுத்தில் கொடி மின்னியது. வெள்ளை வென்றபடியால் கட்டிவிட்டார்கள் என்று நான் ஆறுதல் அடைந்தேன். அம்மா திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

அடுத்த நாள் மாமா தொலைபேசி எடுத்தார். நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“எங்களிட்ட இருந்தது அந்த ஒரு கசெட்தான் அக்கா. நான் இன்னும் பார்க்கேல்லை, முதல் நீங்கள் பாக்கவேணும் எண்டு அனுப்பினனான். எல்லாம் வடிவாத் தெரிஞ்சதோ?”

அப்பா பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

“ஓம் தம்பி” என்றார் அம்மா. “எல்லாம் தெரிஞ்சது. கொடியை நீ வடிவாப் பூட்டினனி. பிறகு நிமிந்து சனத்துக்குள்ளை ஆரையோ தேடினனி.”



“உங்களைத்தான் அக்கா” என்றார் மாமா.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அம்மாதான். அவர் பொய் சொல்லமாட்டார். அப்படியென்றால் அது எப்போது நடந்தது? படுத்துக் கிடந்து வெகுநேரம் யோசித்தேன். ஆட்டத்தின் நடுவில் ஒருதரம் பெரியம்மா பொரித்த பற்றிஸ் எடுக்கச் சமையலறைக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் தாலி கட்டியிருக்கிறார்கள். இனிக் கனடாவிலிருந்து எந்தக் கசெட் வந்தாலும் இடையில் எழும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டு நித்திரையானேன்.